பூவிலேயே பிடித்த தோப்பு

மே 17

இந்த டைரியைப் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தான். இன்றுவரை இதன்மேல் டீ கிளாஸ்தான் வைத்துக்கொண்டிருந்தேன். நேற்று டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "பாய், கத்துறதை நிறுத்துங்க. கோபம் வந்தா பேப்பர்ல எழுதிக் கிழிச்சுப் போட்டுருங்க" என்றார். எழுதுகிறேன். கிழிக்க மாட்டேன். சும்மா வந்த பேப்பராக இருந்தாலும் வீணாக்குவது என் பழக்கம் இல்லை.

முதல் கோபம். என் மகள் ரிஸ்வானா பதினோராம் வகுப்பில் அறுநூற்றுக்கு முந்நூற்றுப் பதினெட்டு. பத்தாம் வகுப்பில் ஐநூற்றுக்கு இருநூற்று எழுபத்தொன்று வாங்கியவள், சரி, இனி ஏறும் என்று நினைத்தேன். ஏறவில்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. நான் எட்டாவதோடு நிறுத்தியவன். நத்தம் பஸ் ஸ்டாண்டில் மாங்காய்ப் பத்தைக்கு மிளகாய்ப்பொடி தடவி விற்று, அதிலிருந்து ஒரு மாங்காய் மண்டி போட்டவன். என்னைப் படிக்கவைக்க ஆள் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. இவளுக்கு என்ன குறை வைத்தேன்? ஏழாவது வரைக்கும் கவர்ன்மென்ட் பள்ளி. எட்டாவதில் திண்டுக்கல்லில் ஒரு பள்ளி நன்றாக இருக்கிறது என்றார்கள், மாற்றினேன். பத்தாவதுக்கு வேறொரு பள்ளி அதைவிட நல்லது என்றார்கள், அங்கே மாற்றினேன். பதினொன்றுக்கு இங்கிலீஷ் மீடியம்தான் காலேஜுக்கு ஏற்றது என்றார்கள், இங்கே கொண்டுவந்து போட்டேன். எந்த மண்டியில் நல்ல விலையோ அங்கேதானே சரக்கை இறக்குவோம்?

இதை ஜொஹராவிடம் சொன்னேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறாள்: "மரத்தை வருசத்துக்கு ஒருக்கா பிடுங்கி நட்டா எப்படிங்க காய்க்கும்?"

மரத்தைப் பற்றி எனக்கே பாடம்.

மே 20

பள்ளியின் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். சீசன் நேரம். மூன்று லாரி வாசலில் நிற்க, கல்லாமை மாங்காய் ஒரு பக்கம், சப்பட்டை மாங்காய் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, போட்டது போட்டபடி ஓடினேன். ரிஸ்வானாவும் வந்தாள்.

அவர் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் போன வருஷ ஃப்ளெக்ஸின் போட்டோ. நூறு சதவீதத் தேர்ச்சி. வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள்.

"பாய், மனசுல பட்டதைச் சொல்றேன். இந்த மார்க்குக்குப் பன்னெண்டாவது இங்க வேணாம். டி.சி. வாங்கிக்கிட்டு வேற எங்கயாவது சேத்துருங்க. பாப்பாவுக்கும் பாரம், எங்களுக்கும் பாரம்."

"ஃபீஸ் பாரமா இல்லையே சார் உங்களுக்கு? அதை ரெண்டு கையால வாங்குனீங்களே."

"அதில்ல பாய். இப்ப காலேஜ்லயெல்லாம் பத்தாம் மார்க், பதினொண்ணாம் மார்க்னு எல்லாத்தையும் புரட்டிப் பாக்குறாங்க. அடித்தளமே ஆடுது. மேல என்ன கட்டுறது?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "நாலு காய் அடிபட்டிருக்குன்னு எவனாவது லோடையே திருப்பி அனுப்புவானா?"

"நீங்க கழிவு பிரிக்கிறதில்லையா பாய்?"

வாய்வரை வந்தது. டாக்டர் ஞாபகம் வந்ததால் அடக்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்: "எம் புள்ள இங்கதான் படிக்கும். டி.சி. நீங்க குடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். வேணும்னா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல வச்சுக் குடுங்க."

வெளியே வந்ததும் ரிஸ்வானா, "தேங்க்ஸ் அத்தா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். வண்டியில் வரும்போது என் சட்டையைப் பின்னால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் மகளைக் கழிவு என்கிறான். என் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது.

ஜூன் 24

சீசன் முடிகிறது. பிளாஸ்டிக் டிரே எல்லாம் கழுவி அடுக்கியாயிற்று. மேல் தொட்டி மோட்டார் மறுபடியும் ரிப்பேர்.

ரிஸ்வானா மேஜையில் ஒரே பாடத்துக்கு இரண்டு புத்தகம் விரித்து வைத்திருந்தாள். ஒன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ். தமிழ்ப் புத்தகத்தில் வேறு யார் பெயரோ எழுதியிருந்தது.

"இதென்ன ரெண்டு? ஒண்ணு வாங்குன காசு பத்தலையா?"

"இது கவர்ன்மென்ட் ஸ்கூல்ல என்கூடப் படிச்ச புள்ளையோடது அத்தா. தமிழ்ல புரிஞ்சிக்கிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல எழுதிப் பாக்குறேன். போன வருசம் ஒண்ணுமே புரியலை."

"புரியலைன்னா அப்பவே சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னா ஸ்கூலை மாத்திருவீங்க."

என்ன பேச்சு இது! நான் என்ன எனக்காகவா மாற்றினேன்?

அக்டோபர் 9

காலாண்டில் முந்நூற்று எண்பது. ஏறியிருக்கிறது. தாளாளர் ரோட்டில் பார்த்தார், வணக்கம் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரைக்குப் போய் வந்தோம், ஜொஹராவின் கண்ணாடி மாற்ற. நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் வரும்போது ரிஸ்வானா கழுத்தை வெளியே நீட்டித் தூணையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு கனத்தை ஒற்றைத் தூண் எப்படித் தாங்குகிறது என்று என்னைக் கேட்கிறாள். மாங்காயைக் கேட்டால் சொல்வேன். சிவில் இன்ஜினியரிங் படிக்கவேண்டுமாம். கவர்ன்மென்ட் காலேஜில் படிக்கவேண்டுமாம்.

கவர்ன்மென்ட் காலேஜ். முந்நூற்று எண்பதை வைத்துக்கொண்டு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 28

அரையாண்டு நானூற்றுப் பதினொன்று. மச்சான், ஜொஹராவின் தம்பி, போன் போட்டு, "அத்தான், இப்பல்லாம் நானூறுங்கிறது பெயிலு மாதிரி" என்கிறான். அவன் மகன் ஐநூற்று எழுபது. "உன் மகனுக்கு ஒரு சப்பட்டையையும் ஒரு கல்லாமையையும் குடுத்து எது எதுன்னு கேளு" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்தபிறகும் நெஞ்சில் அது உட்கார்ந்திருக்கிறது. பெயில் மாதிரி!

ஜனவரி 17

புது டைரி. அதே கம்பெனி, அட்டை மட்டும் பச்சை.

இன்று நல்ல நாள், அதனால் கோபம் இல்லை, வியாபாரம் எழுதுகிறேன். பொங்கல் லீவு என்பதால் ரிஸ்வானாவையும் அழைத்துக்கொண்டு சின்னழகு அண்ணனின் மாந்தோப்புக்குப் போனேன். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே, காற்றாட வரட்டும் என்று.

தோப்பைக் காய்த்தபிறகு பிடிக்கிறவன் வியாபாரி இல்லை. அப்போது எல்லோருக்கும் கண் தெரியும். பூவிலேயே விலை பேசி மொத்தக் காய்ப்பையும் பிடிக்கவேண்டும். பூவைப் பார்த்து இத்தனை டன் வரும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடவேண்டும்; அந்தக் கணக்கு முகத்துக்கு வரக்கூடாது. அந்தத் தோப்பு இந்த வருஷம் வெள்ளையும் சிவப்புமாக இலையே தெரியாமல் பூத்திருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு பூ நான் பார்த்ததில்லை.

சின்னழகு அண்ணன் துண்டை உதறிப்போட்டுக்கொண்டு வந்தார். "என்ன பாய், எப்படி இருக்கு?"

நான் மரத்தை ஒரு சுற்று சுற்றினேன். ஒரு கொத்தைக் கிள்ளி மூக்கருகே வைத்தேன். பெருமூச்சு விட்டேன்.

"பூவு நல்லாத்தாண்ணே தெரியுது. ஆனா..."

"ஆனா?"

"பனி ஜாஸ்தியா இருக்கே. தத்துப்பூச்சி வேற நத்தத்தைச் சுத்தி எறங்கிருச்சு. அந்தப் பக்கம் ஒரு தோப்புல முந்தாநாள் பாத்தேன், பூவு பூராம் கருகித் தரையில கெடக்கு. பாவம், அந்த மனுசன் தலையில கைய வச்சு ஒக்காந்துட்டாரு. கடைசி நேரத்துல எவனும் வாங்கமாட்டேன்னுட்டான்."

அவர் முகம் மாறியது. நான் அவர் தோளில் கை வைத்தேன். "பழகிட்டோம். நட்டமானாலும் என்னோட போகட்டும். இன்னைக்கே முடிச்சுக்குவோம். நாளைக்கு நான் கேப்பனான்னு எனக்கே தெரியாது." அட்வான்ஸை அவர் கையில் திணித்துவிட்டேன். வாங்கிய கை வாங்கியதுதான். இந்தப் பக்கம் அட்வான்ஸ் வாங்கியபிறகு பேச்சு மாறியவர் கிடையாது, நானும் மாறியதில்லை.

திரும்பி வரும்போது ரிஸ்வானா கேட்டாள்: "எந்தத் தோப்புல அத்தா பூ கருகுச்சு?"

"எங்கயாவது கருகியிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு வியாபாரம் புரிய நாளாகும்.

ஜனவரி 30

அரையாண்டு மார்க்கைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை. பத்தாவது மார்க்கும் பதினொன்றும் என் கண்முன்னால் நிற்கின்றன. எந்தக் காலேஜிலும் சேர்க்கவில்லை என்றால் என்ன செய்வது? பெண் பிள்ளை. "பீர் முகமது மகளுக்கு எங்கேயும் கிடைக்கலையாம்" என்று மண்டியில் பேசுவார்களே, அதை நான் எந்தக் காதால் கேட்பது?

நல்லவேளை, இன்று ஜெயசீலன் என்று ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். திருச்சி ரோட்டில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் அட்மிஷன் ஆள். ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தான். ரிஸ்வானாவின் மார்க் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"பாப்பா நல்லாத்தான் படிக்குது அங்கிள். ஆனா..."

"ஆனா?"

"டென்த் மார்க்கும் லெவன்த் மார்க்கும் பாருங்க. இப்பல்லாம் எல்லா இடத்துலயும் அதைத்தான் மொதல்ல பாக்குறாங்க. கவுன்சிலிங்னு நம்பி உக்காந்திருந்த ஒரு பொண்ணு, போன வருசம், இதே நத்தம்தான், கடைசியில எங்கயும் கிடைக்காம வீட்ல இருக்கு. அவங்க அப்பா எங்க ஆபீஸ்ல வந்து அழுறாரு அங்கிள், பாக்க முடியல."

பாவம் அந்த அப்பா என்று சொல்லி, பையனுக்கு டீ போடச் சொன்னேன்.

"உங்களுக்காக எங்க சேர்மன்கிட்ட நான் பேசுறேன். ரிஸ்க்கு எங்களோடது. சிவில் வேணாம், ஏ.ஐ. தர்றோம். ஆனா இன்னைக்கே முடிச்சாத்தான். நாளைக்கு சீட்டு இருக்குமான்னு எனக்கே தெரியாது."

அந்த நேரம் சமையலறையில் ரிஸ்வானா சத்தமாகச் சிரித்தாள். விருந்தாளி இருக்கும்போது அப்படிச் சிரிப்பது என்ன பழக்கம்? ஜொஹராவும் என்னவென்று கேட்டாள். அவள் சொல்லவில்லை; சிரிப்பு வந்த வேகத்தில் அழுதுகொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இந்த வயதில் இப்படித்தான் இருக்கும் போல.

அட்வான்ஸ் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கேட்டான், கொடுத்தேன். பையன் பேச்சில் சுத்தம். நம் மண்டிக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

ஜொஹரா, "ரிசல்ட்டே வரலையே, அதுக்குள்ள எதுக்குங்க?" என்றாள். வந்தபிறகு எல்லோருக்கும் கண் தெரியும் என்றேன்.

ஜனவரி 31

ரிஸ்வானா என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். இரண்டாவது தடவை போய்க் கதவைத் தட்டியதும் திறந்தாள்.

"தாளாளர்கிட்ட எதுக்கு அத்தா அன்னைக்கு அப்படிச் சண்டை போட்டீங்க?"

"உன்னை எப்படி அவன் கழிவும்பான்?"

"அவரு சொல்லிட்டாரு. நீங்க சொல்லலை. அவ்வளவுதான்."

கதவைச் சாத்திவிட்டாள். இதுதான் நன்றி. ஒரு தகப்பன் முன்யோசனையாக ஒரு காரியம் செய்தால், அதற்கு இந்த மரியாதை. வீட்டுக்கு ஒரு கதவு எவ்வளவு ஆகிறது என்று இவர்களுக்குத் தெரியுமா, இப்படி அடித்துச் சாத்துகிறார்கள்!

மார்ச் 3

பரீட்சை ஆரம்பம். காலையில் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். சட்டையைப் பிடிக்கவில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 11

பூவெல்லாம் பிஞ்சாகிவிட்டது. சின்னழகு அண்ணன் தோப்பில் உதிர்வே இல்லை.

மே 8

ஐநூற்று ஏழு!

அறுநூற்றுக்கு ஐநூற்று ஏழு. கணக்கில் தொண்ணூற்று மூன்று. ஜொஹரா தொழுத பாயிலேயே உட்கார்ந்து அழுகிறாள். நான் மண்டியில் எல்லோருக்கும் செந்தூர மாம்பழம் அறுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை கேட்டவர்களுக்குக்கூட மூன்று தடவை மார்க்கைச் சொன்னேன்.

ரிஸ்வானா சிரித்தாள், எல்லோரிடமும். என்னிடம் வந்தபோது, "கட்-ஆஃப் நல்லா வரும் அத்தா" என்று மட்டும் சொன்னாள்.

மே 10

தாளாளர் மண்டிக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். "பாய், பாப்பா போட்டோ ஒண்ணு வேணும். ஃப்ளெக்ஸ்ல போடணும். எங்க ஸ்கூல் புள்ளையாச்சே!"

எங்க ஸ்கூல் புள்ளை! போன வருஷம் இதே மே மாதம் பாரம் என்ற வாய். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ரிஸ்வானா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள், அவள் முந்திக்கொண்டாள்.

"போடுங்க சார். போட்டோவுக்குக் கீழ என்னோட பதினொண்ணாம் மார்க்கையும் சேத்துப் போடணும். முந்நூத்திப் பதினெட்டு. பெருசா போடணும்."

"அதெப்படிம்மா போடுறது?"

"அப்ப போட்டோ வேணாம் சார்."

ஸ்வீட் பாக்ஸை வைத்துவிட்டுப் போனார். மைசூர்பாகு. கல் மாதிரி இருந்தது.

மே 29

சின்னழகு அண்ணன் தோப்பில் இன்று பறிப்பு. லாரி வந்து லாரி போகிறது. கிளை ஒடிந்து தொங்குகிறது, அப்படிக் காய்ப்பு. அவர் வரப்பில் நின்று ஒவ்வொரு லாரியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூவு போயிரும்னீங்களே பாய்?"

"அல்லா குடுத்தான் அண்ணே."

"எனக்குக் குடுக்கலையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு என்று இரண்டு டிரே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இதில் யார்மேல் தப்பு? பனி அடித்திருந்தால் நான் போய் அவரிடம் அழுதிருப்பேனா?

ஜூன் 14

கவுன்சிலிங்குக்குப் பெயர் பதிந்தாயிற்று. பத்தாம் மார்க், பதினொன்றாம் மார்க் எதையும் ரேங்கில் பார்க்கவில்லையாம். பன்னிரண்டு மட்டும்தானாம்! கணினி மையத்துக்காரர் சாதாரணமாகச் சொல்கிறார், நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்படியானால் தாளாளர் சொன்னது? அந்த ஜெயசீலன் சொன்னது?

ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். "அட்வான்ஸ் போனாப் போகுது தம்பி. மார்க் ஷீட்டைக் குடுத்துருங்க, புள்ள கவர்ன்மென்ட் காலேஜ்ல சேரட்டும்."

"அதெப்படி அங்கிள்? சீட்டை உங்களுக்காகப் பிடிச்சு வச்சிருக்கோம். முழு வருச ஃபீஸ் கட்டுனாத்தான் ஒரிஜினல். வாங்குன கை வாங்குனதுதான் அங்கிள், வியாபாரி உங்களுக்குத் தெரியாததா?"

அங்கிள்! என்னிடமே!

ஜூலை 30

கிடைத்துவிட்டது. திருநெல்வேலி கவர்ன்மென்ட் காலேஜ். சிவில்.

ஆனால் சேருகிற அன்று ஒரிஜினல் எல்லாம் கையில் இருக்கவேண்டும். நாலு நாள்தான் இருக்கிறது. ஜெயசீலன் போனை எடுப்பதில்லை. ஜொஹரா என்னைப் பார்க்கிற பார்வையை எழுத இந்த டைரியில் இடம் இல்லை.

நான் இதுவரை அட்வான்ஸ் பேச்சை மீறியதில்லை. நாளை மீறப் போகிறேன். தேவைப்பட்டால் அந்தக் காலேஜ் கேட்டை லாரியை விட்டு இடிப்பேன்.

ஜூலை 31

காலையிலேயே கிளம்பினோம், நானும் ரிஸ்வானாவும். ஏ.சி. ஹால். கண்ணாடிக் கதவு. உட்கார்ந்ததும் மாம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன், எசன்ஸ். மாம்பழத்தோடு இருபத்தாறு வருஷம் இருந்தவனுக்கு எசன்ஸைக் கொடுக்கிறார்கள். பிரஷர் அங்கேயே ஏறிவிட்டது.

ஹால் முழுக்க வட்ட மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தகப்பன், ஒரு தாய், தலையைத் தொங்கப்போட்ட ஒரு பிள்ளை. அடுத்த மேஜையிலேயே ஜெயசீலன். எங்களைக் கவனிக்கவில்லை. அவன் எதிரில் ஒரு தகப்பனும் பெண்ணும், பழனிப் பக்கத்து ஆட்கள் போல. அந்தப் பெண்ணின் மார்க் ஷீட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான். பெருமூச்சு.

"தங்கச்சி நல்லாத்தான் படிச்சிருக்கு சார். ஆனா..."

அப்படியே. ஒரு எழுத்து மாறவில்லை. நத்தத்தில் வீட்டில் இருக்கிற அந்தப் பெண், ஆபீஸில் அழுத அந்த அப்பா, எல்லாம் வந்தார்கள். அந்தத் தகப்பன் ஃபைலைத் திறக்கிறார்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். ரிஸ்வானா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"பி.பி. அத்தா. நீங்க ஜூஸைக் குடிங்க."

அவள் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏதோ சொந்தக்காரி மாதிரி.

"உனக்கு லெவன்த்ல எவ்வளவு?"

அந்தப் பெண் தயங்கி, "முந்நூத்தி நாப்பது" என்றாள்.

"என்னைவிட ஜாஸ்தி. எனக்கு முந்நூத்திப் பதினெட்டு. டென்த்ல இருநூத்தி எழுபத்தொண்ணு. எங்கயும் சேக்கமாட்டாங்கன்னு இந்த அண்ணன்தான் எங்க வீட்டுல வந்து சொன்னாரு." போனைத் திறந்து மேஜையில் வைத்தாள். "இது நேத்து வந்த அலாட்மென்ட். கவர்ன்மென்ட் காலேஜ். டென்த்து, லெவன்த்து எதையும் ரேங்குல பாக்கலை. என்னோட டென்த் மார்க் ஷீட்டு மட்டும் இங்க மாட்டியிருக்கு. அதை வாங்கத்தான் வந்தேன். நத்தத்துல வீட்டுல இருக்கிற பொண்ணு யாருண்ணே? நான் நத்தம்தான். எனக்குத் தெரியாதே."

கத்தவில்லை. ஏ.சி. ஓடுகிற சத்தத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது குரல், அவ்வளவுதான். ஆனால் சுற்றி ஐந்து மேஜையில் பேச்சு நின்றது.

பழனிக்காரர் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு அம்மா, "ஏம்ப்பா, எங்ககிட்டயும் அதேதானே சொன்ன?" என்று எழுந்தாள். இன்னொருவர், "ஒரிஜினலைக் குடுக்காதீங்க, ஒரிஜினலைக் குடுக்காதீங்க" என்று யாருக்கு என்று இல்லாமல் சொன்னார்.

ஜெயசீலன் முகத்தில் அந்தச் சிரிப்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "சிஸ்டர், உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"இங்கயே இருக்கேண்ணே. நீங்க எடுத்துட்டு வாங்க."

ஜூஸ் டம்ளரை நான் கீழே வைப்பதற்குள் மார்க் ஷீட் வந்தது. அட்வான்ஸ் வராது என்றான். எனக்குப் பேச வாய்ப்பே யாரும் கொடுக்கவில்லை. லாரியை விட்டு இடிக்க வந்தவன் நான். ஜூஸ் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது திண்டுக்கல் தாண்டியதும், "அவரு வீட்டுக்கு வந்தன்னைக்கு நான் ஏன் சிரிச்சேன்னு தெரியுமா அத்தா?" என்றாள்.

"தெரியாது. ரோட்டைப் பாரு."

"நான் வண்டி ஓட்டலையே."

அப்புறம் சொன்னாள். சின்னழகு அண்ணன் பெயரை இழுத்தாள். முழுதும் சொன்னாள். அதை இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை. டைரி என்பது தேவையானதை எழுதத்தான்.

ஆகஸ்ட் 3

திருநெல்வேலியில் சேர்த்துவிட்டு வந்தோம். ஹாஸ்டல் கட்டிலில் பலகை ஆடுகிறது, வார்டனிடம் சொன்னேன். பஸ் ஏறப் போகும்போது ஓடிவந்து என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "ஊறுகாய் டப்பாவைக் குடுக்காமப் போறீங்க அத்தா."

சட்டை கசங்கிவிட்டது. அப்படியே போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 18

புது டைரி கொடுக்க இந்த வருஷம் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் வரவில்லை. எங்களிடம் நன்றாகச் சம்பாதித்துவிட்டு, ஒரு டைரிக்குக் கஞ்சத்தனம்! பழசில் மிச்சம் இருந்த பக்கத்தில் எழுதுகிறேன்.

ரிஸ்வானா பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறாள். முதல் செமஸ்டரில் எல்லாம் பாஸ். சின்னழகு அண்ணன் தோப்புக்குக் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும்.

தோப்பு போன வருஷத்தைவிட ஒரு படி கூட. தேனீ இரைகிற சத்தம் ரோட்டுக்கே கேட்கிறது. சின்னழகு அண்ணன் துண்டை உதறிப்போட்டுக்கொண்டு வந்தார். "என்ன பாய், எப்படி இருக்கு?"

மரத்தை ஒரு சுற்று சுற்றினேன். கொத்தைக் கிள்ளி மூக்கருகே வைத்தேன். பெருமூச்சு தானாக வந்தது, பழக்கம்.

"பூவு நல்லாத்தாண்ணே தெரியுது. ஆனா..."

"ஆனா?"

ரிஸ்வானா ஒன்றும் செய்யவில்லை. அதை நான் எழுதிவைக்கிறேன். அவள் ஒரு மாங்கொழுந்தைக் கடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் எனக்குப் பனி வரவில்லை. தத்துப்பூச்சி வரவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்த அந்த மனுஷன், எத்தனை வருஷமாக எனக்காக உட்கார்ந்தவன், அவனும் வரவில்லை.

"ஆனா என்ன பாய்?"

"ஆனா ஒண்ணுமில்லைண்ணே. நல்ல பூவு. நான் பாத்ததுலயே நல்ல பூவு."

சின்னழகு அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நெற்றியில் கை வைத்துப் பார்க்காத குறை. "உடம்பு சரியில்லையா பாய்?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப நாளைக்கு வாங்க. மதுரைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனையும் ஒரு வார்த்தை கேட்டுர்றேன்."

மதுரைக்காரன்! இருபத்தேழு வருஷமாக இந்தத் தோப்பில் என்னைத் தவிர ஒருத்தன் கால் வைத்ததில்லை. உண்மையைச் சொன்னவனுக்கு இந்த ஊரில் கிடைக்கிற மரியாதை இதுதான். அட்வான்ஸ் பை மடியிலேயே கனமாக இருக்க, திரும்பி வந்தேன். ரிஸ்வானா வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

நாளைக் காலையில் மறுபடியும் போகவேண்டும். விலை ஏறித்தான் இருக்கும். கொடுக்கத்தான் போகிறேன். இந்தப் பிள்ளையைப் படிக்கவைத்ததில் எனக்கு வந்த முதல் நஷ்டம் இது.